போர்ப் படங்களைக் காண்பது ஹிம்சையாகுமா?

செய்தல், செய்வித்தல், செய்வாரை உடன்படல் என்னும் மூன்று வாயில்களாலும் வினை உயிரை வந்து பற்றும் என்பது நம் இல்லங்களில் சிறுவர்க்கும் தெரிந்த பாடமே. முதல் இரண்டில் ஐயத்திற்கு இடமில்லை. கொன்றவன் இன்னான், கொல்ல ஏவினவன் இன்னான் என்று சுட்டிக் காட்டிவிடலாம். மூன்றாவதாகிய அனுமோதனை நுட்பமானது. திண்ணையில் சாய்ந்தபடி, கையை அசைக்காமல், ஒருவர் அதனைச் செய்து முடித்துவிடக் கூடும்; அருகில் அமர்ந்திருப்பவருக்கும் அது தெரியாது. அவ்வாறாயின், 1945ஆம் ஆண்டிலேயே முடிந்துபோன ஒரு பெரும்போரின் படச்சுருளை இன்று அமர்ந்து காண்பவர் எந்நிலையில் இருக்கிறார்? அதில் விழுந்து மடிகின்ற மனிதன் மறைந்து எண்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. நாம் பார்ப்பதால் அவனுக்குப் புதிதாக ஒரு துன்பமும் நேரப் போவதில்லை. நமக்கு நேருவது என்ன என்பதே ஆராயத்தக்கது.

இவ்வினா வெறும் தர்க்கத்திற்காக எழுந்ததன்று. கோடை விடுமுறையில் நம் சிறுவர்க்கு நடைபெறும் அறநெறி வகுப்பில், உலகப் போரின் பழைய படங்கள் சிலவற்றைத் திரையிடலாம் என்று களம்பூர் இளைஞர் சிலர் கருதினர். பிள்ளைகள் கைப்பேசியில் இவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றனர். கருப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசி, அதிரும் இசை சேர்த்து, ஒரு நிமிடத் துண்டுகளாக அவை வந்து விழுகின்றன. வீட்டார் அறியாமல் பார்ப்பதைப் பெரியோர் உடனிருந்து காட்டினால் என்ன என்பது அவர்கள் வாதம். பெரியவர் ஒருவர் உடனே மறுத்தார். கொலையைக் காட்டிக் கொல்லாமையைக் கற்பிப்பது, நஞ்சை ஊட்டி மருந்தின் அருமையை உணர்த்துவது போலாகும் என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்தோம் என்பதனால் நம் கருத்தைக் கேட்டனர். இரு சாராரும் நம் மதிப்பிற்குரியோரே. ஆயினும் அப்படங்கள் யாரால், எதன்பொருட்டு, எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதை இரு சாராருமே கேட்கவில்லை. அதனை அறியாமல் காணலாம் என்றோ கூடாது என்றோ சொல்ல இயலாது.

போர்க்களத்தைப் படமெடுத்து ஊராருக்குக் காட்டும் வழக்கம் முதல் உலகப் போரில் வேரூன்றியது. 1916ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் பகுதியில் ஆங்கிலேயர் தொடங்கிய தாக்குதலில், அந்த ஒரே நாளில் அவர்தம் படையினர் 19,240 பேர் மாண்டனர். அக்களத்தை ஜெப்ரி மாலின்ஸ், ஜான் மக்டவல் என்னும் இருவர் படமெடுத்தனர். அடுத்த மாதமே 'சோம் போர்' என்ற பெயருடன் அது லண்டன் திரையரங்குகளுக்கு வந்துவிட்டது. ஆறு வாரங்களில் இரண்டு கோடி நுழைவுச்சீட்டுகள் விற்றன என்பர். தம் மகனோ கணவனோ திரையில் தோன்றுவானா என்று தேடிச் சென்ற பெண்கள் அக்கூட்டத்தில் பலர் இருந்தனர்.

பார்த்தவர் எவரும் மறவாத காட்சி அதில் ஒன்றுண்டு. வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து மேலேறிப் பாய்கின்றனர். ஒருவன் குண்டடிபட்டு வழுக்கிக் கீழே சரிகின்றான். அக்காட்சி களத்திற்குப் பின்னால், பயிற்சி நடக்கும் இடத்தில், நடித்து எடுக்கப்பட்டது என்பது பின்னாளில் உறுதியாயிற்று. மெய்யாகவே மாண்டவர்களும் அதே படத்தில் உள்ளனர். அவர்கள் அசைவற்றுக் கிடப்பதனால் கண் அவர்களைக் கடந்து போய்விடுகிறது. நடித்தவனுக்காக அழுதவர்கள் மாண்டவனைக் கவனியாது போன விந்தையை என்னென்பது! இப்படச்சுருள் லண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. 2005இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவ்வருங்காட்சியகத்தின் முதல் உலகப் போர்ச் சுருள்களுக்கு வண்ணமூட்டி, உதட்டசைவைப் படிக்க வல்லாரைக் கொண்டு வீரர்கள் பேசியதைக் கண்டறிந்து குரலும் சேர்த்து, பீட்டர் ஜாக்சன் என்பார் 2018இல் ஒரு படமாக வெளியிட்டார். கைப்பேசியில் இன்று உலவும் வண்ணத் துண்டுகள் பலவும் அந்த வழியைப் பின்பற்றியவையே.

நம் நாட்டிற்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், 'இன்பர்மேஷன் பிலிம்ஸ் ஆப் இந்தியா' என்னும் அரசு அமைப்பும், 'இந்தியன் நியூஸ் பரேட்' என்னும் செய்திப் படமும் தோன்றின. செய்திப் படத்தின் விளக்கவுரை தமிழிலும் ஒலித்தது. அவ்வாண்டே இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் ஓர் ஆணை பிறந்தது. திரையரங்குகள் தம் காட்சிகளில் அரசு ஏற்ற படங்களை 2,000 அடி வரை காட்டியே தீரவேண்டும் என்பது அவ்வாணை. 2,000 அடி ஓட இருபத்திரண்டு நிமிடம் ஆகும். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' படத்தில் பாகவதரின் பாட்டைக் கேட்கச் சென்றவர்கள், அதற்குமுன் அரசின் படத்தைக் கண்டாக வேண்டும். போர் முடிந்தபின் 1946இல் அவ்வமைப்பு கலைக்கப்பட்டது. 1948இல் சுதந்திர அரசின் பிலிம்ஸ் டிவிஷன் வந்தது. கட்டாயத் திரையிடலும் கூடவே வந்தது. நம் தலைமுறையினர் போளூர், ஆரணிப் பக்கத்து டூரிங் டாக்கீஸ்களில் மணல் தரையில் அமர்ந்து கண்ட செய்திப் படங்கள் அந்த மரபினவே. அவற்றில் வந்த குரலை நாம் ஒருநாளும் ஐயுற்றதில்லை. அரசாங்கம் பொய் சொல்லுமா என்று எண்ணிய காலம் அது.

போர்க்காலச் சுருள்களில் நமக்கு மிகவும் அணுக்கமானவை பர்மா முனையைக் காட்டுபவை. 1944 மார்ச்சு முதல் ஜூலை வரை இம்பாலிலும் கோஹிமாவிலும் நடந்த போர்களில் ஜப்பானியர் தரப்பில் மட்டும் முப்பதாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றவை பசியும் நோயுமே. எதிர்த்து நின்ற பதினான்காம் படையில் பெரும்பான்மையோர் இந்தியர். அப்போர்முனையில் மழைக்காட்டை வெட்டிச் சாலையிட்டும் ஆறுகளுக்குப் பாலமிட்டும் பணிசெய்தவர்களுள் மதராஸ் சாப்பர்ஸ் படையினர் உண்டு. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்னும் பெயர் வழங்குவதை நம் வாசகர் அறிவர். வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தினரான நமக்கு அயலூரன்று.

அதே போர்முனையில் எதிர்ப்புறமும் தமிழ் ஒலித்தது. ஜப்பானியருடன் சேர்ந்து வந்த நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழர் ஏராளமாகச் சேர்ந்திருந்தனர். சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படைப்பிரிவில் தோட்டத்துப் பெண்கள் பலர். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி அணிவகுப்பு மரியாதை ஏற்றதை ஜப்பானியர் படமெடுத்தனர். அச்சுருளும் இன்று கிடைக்கிறது. ஆங்கிலேயர் தம் பங்கிற்கு, களத்திலெடுத்த சுருள்களைத் தொகுத்து, ராய் போல்டிங் இயக்கத்தில் 'பர்மா விக்டரி' என்னும் படத்தை 1945இல் வெளியிட்டனர்.

இவ்விரு தரப்புப் படங்களையும் ஒரே நாளில் அடுத்தடுத்துக் காண்போருக்கு ஒன்று தட்டுப்படாமற் போகாது. தம் வீரர்கள் தேநீர் அருந்துகின்றனர், சிரிக்கின்றனர், காலில் கட்டுப் போட்டுக்கொள்கின்றனர், கடிதம் படிக்கின்றனர். எதிரியோ தொலைவில் எழும் புகையாகவும், குண்டு விழுந்து சிதறும் மண்ணாகவுமே தோன்றுகின்றான். முகம் ஒரு தரப்பாருக்கே உரியது. இதனைப் படமெடுத்தவரின் வஞ்சகம் என்று முழுதும் சொல்லிவிட இயலாது. எதிரிக்கு அருகே சென்று காமிராவை நாட்ட எவரால் இயலும்? ஆனால் காண்பவருடைய மனம் அதனை அறிவதில்லை. முகமில்லாதவன் மடிந்தால் 'அப்பாடா' என்கிறது. அந்தப் புகைக்குள்ளே கம்மவான்பேட்டை மகனும் இருக்கலாம், தைப்பிங் தோட்டத்து மகனும் இருக்கலாம்.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். களத்தில் சென்ற படப்பிடிப்பாளர்கள் கையில் கொண்டது ஒலியைப் பதியாத காமிரா. நூறடிச் சுருள் ஒன்று ஒரு நிமிடத்திற்குச் சற்று மேலாக ஓடித் தீர்ந்துவிடும். எங்கே, எப்பொழுது, எதை எடுத்தோம் என்பதை ஒரு குறிப்புத்தாளில் எழுதிச் சுருளோடு அனுப்புவர். நாம் கேட்கும் வெடியோசையும் விமான இரைச்சலும் பின்னர் எங்கோ ஒரு படநிலையத்தில் சேர்க்கப்பட்டவை. எனவே அச்சுருள்களில் மெய்யாக உள்ளது மௌனமே. அம்மௌனத்தோடு பார்த்தால் ஓடுகின்றவன் அஞ்சி ஓடுகின்றான் என்பது தெரிகிறது. இசையோடு பார்த்தால் அவனே வீரத்தோடு ஓடுவதாகத் தோன்றுகிறது. வகுப்பில் போர்ப் பாடம் நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி, "யார் ஜெயித்தது, டீச்சர்?" என்பதே. இசை அந்தக் கேள்விக்குத்தான் விடையளிக்கிறது. யார் மாண்டார் என்று ஒரு பிள்ளை கேட்டது நம் நினைவில் இல்லை.

எல்லாவற்றினும் நம்மைத் திடுக்கிடச் செய்வது விமானத் துப்பாக்கியோடு பூட்டப்பட்ட காமிரா. இரண்டாம் உலகப் போரின் சண்டை விமானங்களில் விமானி துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் காமிராவும் ஓடத் தொடங்கும். இலக்கு வீழ்ந்ததா என்று பின்னர் சரிபார்ப்பதற்கான ஏற்பாடு அது. சாட்சி சொல்வதற்கென்று எடுத்த படமன்று. கணக்குப் பார்ப்பதற்கென்று எடுத்தது. கொல்பவனுடைய விரலே படமெடுப்பவனுடைய விரலும் ஆயிற்று. அவ்வாறு எடுத்த துண்டுகளைச் செய்திப் படங்களில் சேர்த்து அக்காலத்திலேயே மக்களுக்குக் காட்டினர். நம் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் விரும்பிக் காண்பவற்றுள் இவை முதலிடம் பெறுகின்றன. அக்காட்சியில் காண்பவர் விமானியின் இருக்கையிலேயே அமர்த்தப்படுகிறார் அல்லவா?

(இடையே ஒன்று. அக்காலப் படச்சுருளின் அடிப்பொருளான செல்லுலோஸ் நைட்ரேட், வெடிமருந்தாகப் பயன்படும் பருத்தி வெடியோடு ஒரே குடும்பத்தது. அதன் மேற்பூச்சான ஜெலட்டின், விலங்குகளின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. போரைக் காட்டாத படத்திலும் இவ்விரண்டும் உண்டு. நம் சமூகத்தார் இல்லங்களில் மாட்டியுள்ள பழைய புகைப்படங்களிலும் அந்த ஜெலட்டின் உண்டு. சிந்திப்பவர் சிந்திக்க.)

நம் ஆசாரியர்கள் திரைப்படத்தைக் கண்டவர்களல்லர். ஆயினும் அவர்கள் மனத்தைக் கண்டவர்கள். ரௌத்திர தியானத்தின் நான்கு வகைகளில் முதலாவதாக ஹிம்சாநந்தத்தை வைத்தனர். கொலையில் இன்பம் காணும் நினைப்பு என்பது அதன் பொருள். ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் பயனின்றிச் செய்யும் தீமைகளை ஐந்தாக வகுத்து, அவற்றுள் துஃசுருதி என ஒன்றைக் கூறுகிறார். மனத்தைக் கலக்கி வெறியூட்டும் உரைகளைக் கேட்டல் அது. கேட்டலைச் சொன்னவர் காணலை விலக்கினார் என்று எவரும் வாதிட மாட்டார்.

இதற்குத் தந்துல மச்சத்தின் கதையைவிடப் பொருத்தமான சான்று நாம் கண்டதில்லை. கடைக்கடலில் ஒரு பெருமீன். அதன் செவியருகே அரிசி மணி அளவேயான ஒரு சிறுமீன். பெருமீன் வாய்திறந்து உறங்கும்போது எண்ணற்ற மீன்கள் உள்ளே சென்று வெளியேறுகின்றன. அதைப் பார்த்துக் கொண்டேயிருக்கும் சிறுமீன், 'இந்த வாய் எனக்கிருந்தால் ஒன்றையும் தப்ப விடேனே' என்று ஏங்குகிறது. அது வாழ்நாளில் அத்திரளில் ஒரு மீனையும் தின்றதில்லை. தின்றது பெருமீன். ஆயினும் இரண்டும் ஏழாம் நரகில் வீழ்ந்தன என்று கதை கூறும். அரிசிக்குப் பெயர்பெற்ற களம்பூரில் இதனைப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. உள்ளங்கையில் ஒரு மணி அரிசியை வைத்துக் காட்டினால் போதும். விமானக் காமிராவின் படத்தை 'இன்னொன்று, இன்னொன்று' என்று தள்ளித் தள்ளிப் பார்க்கும் சிறுவன் அச்செவியருகில்தான் அமர்ந்திருக்கிறான்.

இல்லறத்தாருக்குத் தற்காப்பிற்காகப் படை எடுப்பது முற்றும் விலக்கப்பட்டதன்று என்பதையும் மறத்தலாகாது. விரோதி ஹிம்சையென அதனைத் தனியே பிரித்து வைத்தனர். சிரவணபெளகொளாவில் பாகுபலியின் பேருருவை எழுப்பிய சாமுண்டராயர், கங்கமன்னரின் படைத்தலைவராகப் பல களங்கள் கண்டவரே. ஆகவே படையில் சேர்ந்தவனை இழிவுபடுத்துவது நம் நோக்கமன்று. போரிட்டவனுக்கு நெருக்கடி என்ற ஒரு காரணமேனும் இருந்தது. பார்த்து மகிழ்பவனுக்கு அக்காரணமும் இல்லை.

இதுவரை சொன்னவை அனைத்தும் பெரியவர் கூறிய மறுப்பிற்கே வலுச்சேர்ப்பனவாகத் தோன்றும். அப்படியாயின் கண்ணை மூடிக்கொள்வதே அறம் என்று முடித்துவிடலாமா? இங்குதான் நாம் அவரிடமிருந்து விலக வேண்டியிருக்கிறது. அதற்கான காரணம் நம் ஊர்ப் பக்கத்திலேயே உள்ளது.

ஆரணிப் பட்டைச் சுற்றி வாழ்கிறோம். தறியின் ஓசை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பட்டுப்புழு கூட்டுக்குள் இருக்கும்போதே கொதிநீரில் இடப்படுகிறது என்பதும், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் கூடு வேகும் கொப்பரை நம் கண்முன் இல்லை. வெளியூரிலிருந்து நூலாகவே நமக்கு வந்து சேருகிறது. பளபளக்கும் நூலைக் காண்கிறோம்; முகூர்த்தச் சேலையைக் காண்கிறோம். கொப்பரையைக் காணாததால் நம் மனம் கலங்குவதில்லை. கலங்காத மனத்தை அகிம்சை மனம் என்று நாமே பெயரிட்டுக் கொள்கிறோம். கூலிக்கு நெய்யும் நெசவாளரைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. உடுத்துபவரைப் பற்றியே எழுதுகிறோம். போர்க்காலத்தில் ஜப்பானியப் பட்டு வரத்து நின்றபோது மைசூர்ப் பட்டும் காஷ்மீரப் பட்டும் பாராசூட் துணிக்காக வேண்டப்பட்டன. பர்மாக் காட்டில் உணவு மூட்டைகளை இறக்கப் பாராசூட் போதாமல், கல்கத்தாவில் சணலைக்கொண்டே செய்து அனுப்பினர். அப்படங்களில் வானிலிருந்து பூப்போல் இறங்கும் குடைகளை அழகென்று வியக்கிறோம். கூட்டிலிருந்து குடை வரை நடந்த எதனையும் அப்படம் காட்டவில்லை. காட்டாத இடத்தில் உயிர்க்கேடு இல்லாமற் போயிற்றா?

காமிரா செல்லாத இடத்திற்கு மிகப் பெரிய சான்று சயாம் பர்மா இரயில் பாதை. 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரை, 415 கிலோமீட்டர் நீளத்திற்கு ஜப்பானியர் அதனை அமைத்தனர். வேலை செய்த வெள்ளையர் முதலான போர்க்கைதிகள் அறுபதாயிரத்திற்கு மேற்பட்டோர். அவர்களுள் பன்னிரண்டாயிரத்திற்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு லட்சம். அவர்களுள் மாண்டோர் தொண்ணூறாயிரம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் அதில் பல்லாயிரவர். விடுதலைக்குப்பின் மெலிந்த போர்க்கைதிகளைக் காட்டும் சுருள்கள் உண்டு. காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழருக்குப் படமும் அரிது, பெயர்க்கல்லும் அரிது. 1957இல் வந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் படம் இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்டது. தமிழர் வாழும் தீவிலே எடுத்த அப்படத்தின் கதையில் அப்பாதையில் மாண்ட தமிழருக்கு இடமில்லை. 1942இல் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்து வந்த நம்மவர் கதையும் இத்தகையதே. அவர்களைக் குறித்து நாம் அறிவது பெரும்பாலும் வீட்டுத் திண்ணைகளில் கேட்டதுதான்.

இன்னொரு புறமும் பாருங்கள். 1945 ஏப்ரல் 15 அன்று ஜெர்மனியில் பெர்கன் பெல்சன் முகாம் விடுவிக்கப்பட்டபோது, ஆங்கிலப் படையின் படப்பிடிப்பாளர்கள் அங்கே கண்டதைப் பதிவு செய்தனர். அச்சுருள்களைத் தொகுத்துப் படமாக்க முற்பட்டவர்களுக்கு ஆல்பிரட் ஹிட்ச்காக் கூறிய யோசனை, காட்சிகளைத் துண்டாக வெட்டாமல் நீளமாகவே விடுங்கள் என்பது. வெட்டினால் பொய்யென்று சொல்வார்கள் என்பது அவர் அச்சம். அத்தகைய முகாம் படங்கள் 1945 நவம்பர் 29 அன்று நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் சான்றாகத் திரையிடப்பட்டன. அன்று அங்கிருந்தோர் கண்ணை மூடிக்கொள்வதே புண்ணியம் என்று நாம் கூறுவோமா?

ஹிரோஷிமாவிற்கு இரண்டு விதமான படங்கள் உண்டு. 1945 ஆகஸ்ட் 6 அன்று உடன்சென்ற விமானத்திலிருந்து எடுத்தது ஒன்று. அதில் மேகம் எழுகிறது. அது விந்தையான அழகுடையது; மனிதர் எவரும் அதில் இல்லை. பின்னர் ஜப்பானியப் படக்குழுவினர் தரையில் நின்று எடுத்தவை வேறு. அவற்றில் மனிதர் இருக்கின்றனர். தரையில் எடுத்தவற்றை அமெரிக்கர் கைப்பற்றித் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். 1967இல்தான் அவை ஜப்பானுக்குத் திரும்பின. மேகத்தை உலகம் முழுவதும் கண்டது. மனிதரைக் காண்பதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. ஹிம்சையைக் காட்டலாகாது என்ற நல்லெண்ணத்தால் அவை மறைக்கப்பட்டன என்று யாராவது நம்புவார்களா? காட்டாதிருப்பதில் கொன்றவருக்கும் இலாபம் உண்டு என்பதைப் பெரியவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே நம் கருத்து இது. காணலாம், ஆனால் கையில் அகப்பட்டதையெல்லாம் காணலாகாது, அகப்பட்டபடியும் காணலாகாது. விமானத் துப்பாக்கியின் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டவே வேண்டா. அவை காண்பவரைக் கொல்பவனின் இருக்கையில் அமர்த்துகின்றன. அதனைத் திருத்திக் காட்ட வழியில்லை. வண்ணமூட்டியவற்றையும் விலக்கலாம் என்பது நம் விருப்பம். இளைஞர் இதற்கு உடன்படவில்லை. வண்ணம் வந்ததும் மாண்டவன் நம் அண்ணனைப் போலத் தெரிகிறான் என்று ஒரு தம்பி சொன்னார். அதில் உண்மை இருப்பதை மறுக்க இயலவில்லை. ஆனால் அவனுடைய சட்டைக்கும் இரத்தத்திற்கும் நிறம் தேர்ந்தவர் இக்காலத்தவர் என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பர்மாச் சுருள்களைக் காட்டலாம். ஒலியை அடைத்துவிட்டுக் காட்டவேண்டும். ஓட்டும் முன்னர், எடுத்தவர் எத்தரப்பினர், யாருக்குக் காட்ட எடுத்தார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடப் படத்தை நான்கைந்து முறை நிறுத்தி, திரையில் ஒருவன் முகத்தைச் சற்றே நின்று நோக்கச் செய்யவேண்டும். பின்னர் இந்தப் படத்தில் இல்லாதவர் யார் என்று கேட்க வேண்டும். நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில், படத்தைக் காட்டிவிட்டு வினா கேளாத ஆசிரியர் பாதிப் பாடமே நடத்தியவர் என்று எங்கள் விரிவுரையாளர் கூறுவார். எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் இதிலிருந்து விலக்கப்பட வேண்டும். அதற்கு மேற்பட்டவர்களிலும், எழுந்து வெளியே செல்ல விரும்பும் பிள்ளையை யாரும் கேலி செய்தல் கூடாது. வெளியே சென்றவன் பாடத்தைத் தவறவிட்டான் என்று நாம் கருதவில்லை.

இவ்வளவும் சொன்னபின் பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "படம் முடிந்ததும் பிள்ளைகள் மனத்தில் மகிழ்ச்சி இருந்ததா, வருத்தம் இருந்ததா என்பதை அம்மா எப்படி அறிவீர்கள்?" என்றார். அறிய இயலாதுதான். பரீட்சை வைத்து அளக்கத்தக்க பொருளன்று அது. பிறர் மனத்திலுள்ள அனுமோதனையைக் கேவலஞானியே அறிவார், ஆசிரியை அறியாள். ஆனால் இதே ஐயம் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு தனியே பார்க்கும் பிள்ளையைப் பற்றியும் உண்டு. அங்கே நிறுத்திக் கேட்பதற்கு ஒருவரும் இல்லை என்றோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்படியானால் நானும் வந்து பின்வரிசையில் உட்காருகிறேன்" என்றார்.

கோஹிமாவிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் 1,420 கல்லறைகள் உள்ளன. எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர் 917 பேருக்கு அங்கேயே தனி நினைவுச் சின்னம் ஒன்றுண்டு. அதில் அவர்தம் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பெயர்களுள் நம் மாவட்டத்து ஊர்களைச் சேர்ந்தோர் யார் என்று தேடும் பணியை இளைஞர் இருவர் ஏற்றுள்ளனர். அப்பட்டியல் கிடைத்தால் அதனை முதலில் படித்துவிட்டுப் பிறகே விளக்கை அணைப்பது என்று பேசியிருக்கிறோம். எந்தச் சுருளை முதலில் ஓட்டுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.